சரிவு நிலத்தில் வீடு திட்டமிடல் (இலங்கை மலைநாடு)

சரிவு நிலத்தில் வீடு திட்டமிடல் என்பது, சமதளமாக இல்லாத காணியொன்றில் கட்டப்படும் வீட்டின் அமைவிடம், தள மட்டங்கள், அத்திவாரம், வடிகால், அணுகுபாதை ஆகியவற்றை நிலத்தின் இயல்புக்கும் நடைமுறையிலுள்ள கட்டட விதிகளுக்கும் ஏற்பத் தீர்மானிக்கும் செயற்பாடு ஆகும். சமநிலத்தில் வீடு கட்டும்போது நிலம் வீட்டைத் தாங்கினால் போதுமானது. சரிவு நிலத்திலோ, வீட்டுக்கு மேலேயுள்ள நிலம், கீழேயுள்ள நிலம், இரண்டினூடாகவும் பாயும் நீர் ஆகிய மூன்றையும் சேர்த்தே கருத வேண்டியுள்ளது. ஒரு காணியில் செய்யப்படும் வெட்டு அயற்காணியின் உறுதியைக் குலைக்கக் கூடும் என்பதால், இது உரிமையாளரின் தனிப்பட்ட விடயமாக மட்டும் அமைவதில்லை.

இக்கட்டுரை இலங்கையின் மத்திய மலைநாட்டையும் அதனைச் சூழ்ந்த மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடயத்தை விளக்குகிறது.

புவியியல் பின்னணி

இலங்கையின் மத்திய மலைநாடு பெரும்பாலும் நைசு, குவாட்சைற்று, பளிங்கு, சார்னோக்கைற்று போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. வெப்பமும் மழையும் மிகுந்த காலநிலையில் இப்பாறைகள் ஆழமாக வானிலையாலழிந்து தடித்த மண்படையாக மாறியுள்ளன. செங்குத்தான பாறைச் சரிவுகளின் அடிவாரங்களில், மேலிருந்து காலந்தோறும் விழுந்த மண்ணும் கற்களும் கலந்து படிந்த சரிவடிப் படிவுகள் காணப்படுகின்றன. இவை பார்வைக்கு மெல்லிய சரிவுடையனவாயும், நீர்வளம் மிக்கனவாயும், வீடு கட்டுவதற்கு ஏற்றனவாயும் தோன்றும். ஆனால் அவற்றுட் பல பழைய மண்சரிவுகளின் எச்சங்களே. பெருமழையின்போது மீண்டும் நகரும் இயல்பு அவற்றுக்கு உண்டு.

மழைக் காலமும் முக்கியமானது. தென்மேல் பருவமழை மே மாதத்திலிருந்து மலைநாட்டின் மேற்குச் சரிவுகளான கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டப் பகுதிகளை நனைக்கின்றது. பதுளை போன்ற கிழக்குச் சரிவுகளில் ஒக்டோபர் முதல் சனவரி வரையான காலத்திலேயே மழை மிகுதி. மண்சரிவுகளும் பெரும்பாலும் இந்தக் கால ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

அண்மைக்கால நிகழ்வுகளுட் சில பின்வருவன:

* 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதையுண்டன.
* 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. இதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.
* 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டின் பல மாவட்டங்களில் ஒரே வேளையில் மண்சரிவுகள் நிகழ்ந்தன. வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

சட்டப் பின்னணி

இலங்கையில் கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் பழைய சட்டம் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் ஆகும். இச்சட்டத்தின்படி, உள்ளூராட்சி அமைப்பின் ஒப்புதல் பெற்ற வரைபடம் இன்றிக் கட்டடம் எழுப்புவதும், இணக்கச் சான்றிதழ் இன்றி அதிற் குடியிருப்பதும் தடுக்கப்பட்டுள்ளன.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், அபிவிருத்திப் பகுதிகளாக அறிவிக்கப்படும் இடங்களுக்கான திட்டமிடல் அதிகாரத்தை அச்சபைக்கு வழங்கியது. இதன் கீழ் 1986 இல் திட்டமிடல், கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. 2021 இல் வெளியான புதிய திட்டமிடல், அபிவிருத்தி விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அபிவிருத்திப் பகுதிகளாக அறிவிக்கப்படாத ஊர்களில் 1915 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் பயன்படுகின்றன.

சரிவு நிலங்களைப் பொறுத்தவரை, 1984 இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முதன்மையான அமைப்பாகும். 1990 இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் இது மண்சரிவு இடர் வரைபடமாக்கலைத் தொடங்கியது. 2011 இல் வெளியிடப்பட்ட சுற்றறிக்கை ஒன்றின் மூலம், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்கு முன்னர் இந்நிறுவனத்தின் இசைவைப் பெறுதல் கட்டாயமாக்கப்பட்டது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய பத்து மாவட்டங்கள் அதில் அடங்கின.

மண்சரிவு இடர் வலயப்படுத்தல்

மேற்படி நிறுவனத்தின் இடர் வரைபடங்கள் 1:10,000 அளவுத்திட்டத்தில் தயாரிக்கப்படுகின்றன. ஓரிடத்தின் இடர்நிலை பின்வரும் ஆறு காரணிகளைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது:

* அடிப்பாறையின் வகையும் கட்டமைப்பும்
* பாறைக்கு மேலுள்ள மண்படையின் வகையும் தடிப்பும்
* சரிவின் அளவு
* நீரியலும் வடிகால் அமைப்பும்
* நிலப் பயன்பாடும் மேலாண்மையும்
* நிலவுருவம்

இவற்றுக்கு வழங்கப்படும் புள்ளிகளைக் கூட்டி, மண்சரிவு நிகழ வாய்ப்பில்லாத பகுதி, மிதமான இடருள்ள பகுதி, மண்சரிவு எதிர்பார்க்கப்படும் பகுதி, மண்சரிவு நிகழும் வாய்ப்பு மிக அதிகமான பகுதி என நான்கு நிலைகளாக நிலம் பிரிக்கப்படுகிறது.

சரிவின் அளவு ஆறு காரணிகளுள் ஒன்று மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. உறுதியான பாறை மீதமைந்த செங்குத்தான நிலம், ஈரமான சரிவடிப் படிவின் மீதமைந்த மெல்லிய சரிவை விடப் பாதுகாப்பானதாக இருக்கக்கூடும். மேலும், 1:10,000 வரைபடத்தில் 10 மீட்டர் நீளம் 1 மில்லிமீட்டராகவே தெரியும். எனவே ஒரு தனிக் காணியைப் பற்றிய முடிவை வரைபடத்தைக் கொண்டு மட்டும் எடுக்க முடியாது. அதற்குக் கள ஆய்வு தேவை.

நிலத்தைத் தெரிவு செய்தல்

காணியை வாங்குவதற்கு முன்னரே சரிவைப் பற்றிய ஆய்வைச் செய்வது சிறந்தது. வாங்கிய பின்னர் இசைவு மறுக்கப்பட்டால், காணியின் விலை முழுவதும் இழப்பாகலாம். பயிற்சி பெற்ற புவியியலாளரின் கருத்துக்கு மாற்றாக அமையாவிடினும், பின்வரும் அறிகுறிகளைச் சாதாரணமாகவே கண்டுகொள்ள முடியும்:

* அடிமரம் சாய்ந்து நுனி நிமிர்ந்து வளர்ந்த மரங்கள். இவை மண் மெதுவாக நகர்வதைக் காட்டும்.
* நிலத்தில் பிறை வடிவிலான வெடிப்புகள், அல்லது படிபோல் இறங்கிய நிலம்.
* புதிதாகத் தோன்றிய ஊற்று, திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று.
* அயல் வீடுகளின் சுவர்களிற் குறுக்கு வெடிப்புகள், இறுகி மூட முடியாமற் போன கதவுகள்.
* சாய்ந்த மின்கம்பங்கள், மேடும் பள்ளமுமாகக் குலைந்த தார் வீதி.
* காணிக்கு மேலே பெரிய உருண்டைப் பாறைகள், கைவிடப்பட்ட வாய்க்கால்கள், நீர் தேங்கும் தட்டைகள்.

இரு மேடுகளுக்கிடையே உள்ள மடிப்பான நிலம் மழைநீர் ஒருங்கு சேரும் வழியாகும். வறண்ட காலத்தில் அதில் நீரைக் காண முடியாது. இதனால் அதனை வீட்டுக்குத் தகுந்த மறைவான இடமாகப் பலர் கருதுவதுண்டு. மண்ணும் நீரும் கலந்து பாயும்போது அது தெரிவு செய்யும் வழியும் அதுவே. மேட்டின் முதுகுப் பகுதி காற்றுக்கு வெளிப்பட்டிருப்பினும் இவ்வகையில் மேலானது.

நில அளவையும் சரிவைக் கணித்தலும்

சாதாரண நில அளவை வரைபடம் காணியின் எல்லைகளையும் பரப்பளவையும் மட்டுமே தரும். சரிவு நிலத்துக்குச் சமவுயரக் கோடுகளுடன் கூடிய வரைபடம் தேவை. வீட்டுக் காணிக்கு அரை மீட்டர் இடைவெளியில் வரைந்த கோடுகள் பொதுவாகப் போதுமானவை. மரங்கள், பாறைகள், ஊற்றுகள், வாய்க்கால்கள், அயற்காணியிலுள்ள வெட்டுகள், வீதியின் மட்டம் என்பனவும் அதிற் குறிக்கப்பட வேண்டும்.

சரிவு மூன்று வகையாகக் குறிப்பிடப்படுவதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. 5 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் இறங்கும் நிலம் 1:5 சரிவு, 20% சரிவு, ஏறத்தாழ 11 பாகைச் சரிவு என மூன்று விதமாகவும் சொல்லப்படலாம். 100% சரிவு என்பது செங்குத்து அன்று. அது 45 பாகையாகும். 31 பாகை ஏறத்தாழ 60 வீதத்துக்குச் சமன்.

காணியின் பரப்பளவு கிடைத்தளத்திலேயே கணிக்கப்படுகிறது. நிலத்தின் மீது நாடாவை இட்டு அளந்தால் நீளம் கூடுதலாக வரும். 20% சரிவில் 18 மீட்டர் கிடைத்தூரம், நிலத்தின் மீது அளக்கும்போது ஏறத்தாழ 18.36 மீட்டராக இருக்கும். 45 பாகைச் சரிவில் இவ்வேறுபாடு 41 வீதமாகும். உறுதியிற் குறிப்பிட்ட பேர்ச் அளவுக்கும் கண்ணாற் காணும் நிலத்துக்கும் இடையே தெரியும் வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர் ஆகும்.

வீட்டின் வடிவம்

சரிவு நிலத்தில் வீட்டை அமைப்பதற்கு நான்கு அடிப்படை வழிகள் உள்ளன.

* வெட்டித் தளமமைத்தல்: நிலத்தை வெட்டி ஒரே மட்டமான மேடையை உருவாக்கி அதில் சமநில வீட்டைக் கட்டுதல். வரைபடம் எளிது. ஆனால் மண்வேலையும் தாங்கு சுவரும் மிகுதி.
* வெட்டி நிரப்பல்: மேற்பாதியை வெட்டி அம்மண்ணைக் கீழ்ப்பாதியில் நிரப்புதல். வெட்டின் உயரம் பாதியாகக் குறையும். நிரப்பிய மண் காலப்போக்கில் அமிழும் என்பதால், அத்திவாரம் அதனை ஊடுருவி இயற்கை நிலம் வரை செல்ல வேண்டும்.
* படிநிலைத் தளங்கள்: வீட்டையே இரண்டு அல்லது மூன்று மட்டங்களாகப் பிரித்து, இடையே சில படிகளை அமைத்தல். நிலத்துக்கு ஏற்படும் தொந்தரவு மிகக் குறைவு.
* தூண்களில் எழுப்புதல்: கீழ்ப்பக்கத்தைத் தூண்களில் தாங்கி, நிலத்தைப் பெரும்பாலும் தொடாமல் விடுதல். நீர் தடையின்றிக் கீழே செல்லும். தூண்கள் ஒன்றோடொன்று விட்டங்களாற் பிணைக்கப்பட வேண்டும்.

வீட்டின் நீண்ட பக்கம் சமவுயரக் கோடுகளுக்கு இணையாக அமைவது பொது விதி. 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட வீட்டை 20% சரிவில் கோடுகளுக்கு இணையாக வைத்தால், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள மட்ட வேறுபாடு 1.2 மீட்டர். குறுக்காக வைத்தால் அது 2.4 மீட்டர் ஆகிவிடும்.

எடுத்துக்காட்டுக் கணிப்பு

14 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட ஏறத்தாழ 10 பேர்ச் காணியொன்று, 1:5 சரிவில் வீதியை நோக்கி இறங்குவதாகக் கொள்வோம். அதில் 8 மீட்டருக்கு 8 மீட்டர் அளவுள்ள வீடொன்று கட்டப்பட உள்ளது. வீட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே நிலத்தின் மட்ட வேறுபாடு 1.6 மீட்டர்.

* முழுவதையும் கீழ்மட்டத்துக்கு வெட்டினால், பின்பக்க வெட்டு 1.6 மீட்டர் உயரமும், அகற்றும் மண் ஏறத்தாழ 51 கன மீட்டரும் ஆகும். கன மீட்டருக்கு 1.8 தொன் எனக் கொண்டால் இது 92 தொன் மண்.
* பாதி வெட்டிப் பாதி நிரப்பினால், வெட்டு 0.8 மீட்டர் உயரமும், ஏறத்தாழ 13 கன மீட்டர் மண்ணும் ஆகும்.
* 4 மீட்டர் ஆழமான இரு தளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாதி வெட்டிப் பாதி நிரப்பினால், வெட்டு 0.4 மீட்டர் மட்டுமே. மண் ஏறத்தாழ 6.4 கன மீட்டர். இரு தளங்களுக்கும் இடையேயான 0.8 மீட்டர் வேறுபாட்டை, 16 சென்டிமீட்டர் உயரமான ஐந்து படிகள் இணைக்கும்.

ஐந்து படிகளை ஏற்றுக்கொள்வதன் மூலம் அகற்ற வேண்டிய மண் எட்டில் ஒன்றாகக் குறைகின்றது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள வீடுகளில் படுக்கையறை ஒன்று, குளியலறை, சமையலறை ஆகியவற்றை நுழைவாயிலின் மட்டத்திலேயே வைத்து, ஏனையவற்றை மற்றத் தளத்துக்கு ஒதுக்கலாம்.

வெட்டுமுகமும் தாங்கு சுவரும்

தாங்கு சுவரின் மீது மண் செலுத்தும் மொத்த விசை, சுவரின் உயரத்தின் இருமடிக்கு விகிதசமமாகக் கூடுகிறது. அதனைக் கவிழ்க்க முயலும் திருப்பம் உயரத்தின் மும்மடிக்கு விகிதசமமாகக் கூடுகிறது. ஆகவே 0.8 மீட்டர்ச் சுவரை 1.6 மீட்டராக உயர்த்தினால், விசை நான்கு மடங்காகவும் திருப்பம் எட்டு மடங்காகவும் ஆகும். உயரமான ஒரு சுவரிலும், இடைவெளிவிட்டு அமைந்த தாழ்வான இரு சுவர்கள் மேலானவை என்பதன் காரணம் இதுவே. ஆயினும் மேற்சுவர் கீழ்ச்சுவருக்கு மிக அண்மையில் இருந்தால், அதன் சுமையும் கீழ்ச்சுவரையே சேரும்.

நீரின் பங்கு இதைவிடப் பெரியது. வடிகால் அற்ற சுவரின் பின்னே நீர் நிறைந்தால், சுவர் தாங்க வேண்டிய மொத்த விசை நன்கு வடிந்த மண்ணின்போது இருந்ததைப் போல் இரண்டு மடங்கையும் தாண்டலாம். மழைக் காலத்தில் இடிந்து விழும் சுவர்களுட் பல மண்ணுக்கன்றி நீருக்கே தோற்றவை. ஆதலால் ஒவ்வொரு தாங்கு சுவரிலும் பின்வருவன இருத்தல் வேண்டும்:

* சுவரின் பின்னே சரளைக்கல் படை
* சரளையினுள் மண் புகாமற் காக்கும் வடிதுணி
* சுவரினூடாக வெளியே சாய்ந்த கசிவுத் துளைகள்
* சுவரின் அடியில் நீரைக் கொண்டு செல்லும் வாய்க்கால்

கருங்கற் கட்டுச் சுவர், வலுவூட்டிய காங்கிறீட்டுச் சுவர், கம்பிவலைக் கூடைகளிற் கல் நிரப்பி அடுக்கும் சுவர் என்பன பரவலாகப் பயன்படுகின்றன. கம்பிவலைக் கூடைச் சுவர் நீரைத் தானாகவே வெளியேற்றும். நிலம் சிறிது அசைந்தாலும் வெடிக்காது. வீட்டின் சுவரையே தாங்கு சுவராகப் பயன்படுத்துவது செலவைக் குறைப்பதுபோல் தோன்றினாலும், அறைக்குள் ஈரம் கசிவதற்கும், மண் நகரும்போது வீடே தாக்கப்படுவதற்கும் வழிவகுக்கும். செங்கல் அல்லது சீமெந்துக் கல்லாலான சாதாரண அறைச் சுவர் பக்க விசையைத் தாங்குவதற்கு உருவாக்கப்பட்டதன்று.

வெட்டு வேலையை மழையற்ற காலத்தில், சிறு சிறு நீளங்களாகச் செய்து, ஒவ்வொரு பகுதிக்கும் சுவரை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவது பாதுகாப்பானது. இயந்திரத்தைக் கொண்டு முழு வெட்டையும் ஒரே நாளில் முடித்து, பணம் கிடைத்ததும் சுவர் கட்டலாம் என்று விட்டுவைப்பது ஆபத்தானது. தாங்கப்படாத செங்குத்து வெட்டு வெயில் காலத்தில் அசையாது நிற்கலாம். ஈரம் ஏறியதும் அதன் பிணைப்பு குறைந்துவிடும்.

நீர் வடிகால்

சரிவு நில வீட்டின் வடிகால் அமைப்பு, வீட்டுக்கு முன்பே கட்டப்பட வேண்டியது. மேல் எல்லையில் அமைக்கப்படும் இடைமறிப்பு வாய்க்கால், மேலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து வீட்டின் இருபுறமும் திருப்பிவிடும். செங்குத்தாக இறங்கும் பகுதியில் வாய்க்கால் படிகளாகக் கட்டப்பட்டால், நீரின் வேகம் குறைந்து அரிப்புத் தவிர்க்கப்படும். வாய்க்காலின் முடிவிடம் இயற்கை ஓடையாகவோ பொது வடிகாலாகவோ இருத்தல் வேண்டும். கீழ்க்காணியின் வெட்டுமுகத்தின் மீது நீரை விடுவது அயலவரின் உயிருக்குத் தீங்காகலாம்.

கூரை நீரின் அளவைப் பலர் குறைத்து மதிப்பிடுகின்றனர். 80 சதுர மீட்டர்க் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 8,000 லீட்டர் நீர் சேரும். பீலிகளும் குழாய்களும் இல்லாவிடில், இவ்வளவும் அத்திவாரத்தின் ஓரத்திலேயே விழுந்து ஊறும்.

மலசலகூடக் குழியின் ஊறுகுழியும் கவனத்துக்குரியது. அது நாள்தோறும் நிலத்தை ஈரமாக்கும் மூலமாகும். தாங்கு சுவருக்கு மேற்புறத்திலோ வெட்டுமுகத்தின் விளிம்பிலோ அதனை அமைத்தல் ஆகாது. கிணறும் ஊற்றும் குழிக்குக் கீழ்ப்புறத்தில் இருந்தால் நீர் மாசடையும். சிறிய காணிகளில் இந்த இரு நிபந்தனைகளையும் நிறைவு செய்வதற்காக வீட்டின் அமைவிடத்தையே மாற்ற வேண்டி வரலாம். ஆகவே குழியின் இடத்தை இறுதியில் அன்றி முதலிலேயே குறிப்பது நல்லது.

விதிகளும் சரிவும்

1986 ஆம் ஆண்டு விதிகளில், வீட்டுக் காணியொன்றின் குறைந்த அளவு 150 சதுர மீட்டர் எனவும், குடியிருப்புக் கட்டடம் நிலத்தில் மூடக்கூடிய பரப்பு 65% எனவும், இரு மாடிகள் வரையான வீட்டின் பின்புறத் திறந்தவெளி 2.3 மீட்டர் எனவும் அமைந்திருந்தன. தற்போது 2021 ஆம் ஆண்டு விதிகளும், அந்தந்த நகரின் அபிவிருத்தித் திட்டமும் கூறும் எண்களே செல்லுபடியாகும். இவை ஊருக்கு ஊர் வேறுபடுவதால் வரைபடம் தொடங்கும் முன் உள்ளூராட்சி மன்றத்தில் கேட்டறிய வேண்டும். இசைவு அறிக்கையிலுள்ள நிபந்தனைகள் பொது விதிகளிலும் கடுமையாக இருந்தால் அவற்றையே பின்பற்ற வேண்டும்.

சமநிலத்தை மனதிற் கொண்டு எழுதப்பட்ட விதி, சரிவு நிலத்தில் எதிர்பாராத விளைவைத் தரலாம். மேலே கூறிய எடுத்துக்காட்டு வீட்டின் பின்னே 2.3 மீட்டர்த் திறந்தவெளி விட்டு, அதனையும் வீட்டின் கீழ்மட்டத்துக்கே வெட்டினால், வெட்டின் உயரம் 1.6 இலிருந்து 2.06 மீட்டராக உயரும். ஒரு மீட்டர் அகலமான நடைபாதையும் வாய்க்காலும் மட்டும் தள மட்டத்தில் இருக்க, மீதியை இயற்கைச் சரிவாக விட்டால் வெட்டு 1.8 மீட்டருடன் நிற்கும். வெட்டுமுகம் வீட்டுக்கு அண்மையில் இருந்தால் பின்புற அறைகள் இருண்டு ஈரமாகும் என்பதையும் இதனுடன் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். படிநிலைத் தளங்களைக் கொண்ட வடிவத்தில் இவ்விரு சிக்கல்களும் ஒருங்கே குறைகின்றன.

கட்டட உயரம் மற்றொரு சிக்கலாகும். மேற்புறத்திலிருந்து பார்க்கும்போது ஒரு மாடியாகத் தெரியும் வீடு, கீழ்ப்புறத்திலிருந்து மூன்று மாடியாகத் தெரியலாம். உயரம் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்படும், தூண்களிடையேயுள்ள வெற்றிடம் ஒரு தளமாகக் கணிக்கப்படுமா என்பவற்றை முன்கூட்டியே தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். தூண்களுக்கிடையே உள்ள இடத்தைப் பின்னர் சுவர் எழுப்பி அறைகளாக்குவது, அனுமதியற்ற தளமாவதோடு, நீரின் வழியையும் அடைத்துவிடும்.

வீதிக் கோடு, கட்டடக் கோடு, ஓடை ஒதுக்கீடு ஆகியவற்றுக்குள் தாங்கு சுவரும் அடங்கக் கூடாது. சுவரின் அடித்தளம் நிலத்தின் கீழ் எல்லையைத் தாண்டுவது பிற்காலப் பிணக்குகளுக்குப் பெரிதும் காரணமாகிறது.

அனுமதி பெறும் முறை

பொதுவான ஒழுங்கு பின்வருமாறு அமையும்:

* காணி உறுதி, ஒப்புதல் பெற்ற காணிப் பிரிப்பு வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெறுதல்.
* தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தல். அதன் அலுவலர்கள் காணியைப் பார்வையிட்டு மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கையை வழங்குவர். கட்டலாம், நிபந்தனைகளுடன் கட்டலாம், கட்டக் கூடாது என்னும் மூவகை முடிவுகளுள் ஒன்று அதில் இருக்கும்.
* தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லது படவரைஞர் மூலம் வரைபடம் தயாரித்தல். சரிவுநிலத்துக்குக் குறைந்தது இரு குறுக்குவெட்டு வரைபடங்கள் தேவை. அவற்றில் இயற்கை நிலமட்டம், வெட்டு, நிரப்பு, தாங்கு சுவர், அயற்காணியின் மட்டம் என்பன காட்டப்பட வேண்டும். உயரமான சுவர்களுக்குப் பொறியியலாளரின் கணிப்பும் இணைக்கப்படும்.
* மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைக்கு விண்ணப்பித்தல். திட்டமிடற் குழு அதனை ஆராயும்.
* அனுமதி கிடைத்த பின் வேலையைத் தொடங்குதல். அனுமதிக்கு கால எல்லை உண்டு. தேவையெனில் நீடிப்புக் கோரலாம்.
* வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறுதல்.

வரைபடத்தை முடித்த பின் இடர் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது வழமையாகக் காணப்படும் ஒழுங்குமாற்றம். அறிக்கையின் நிபந்தனைகள் வீட்டின் இடத்தையோ மாடிகளின் எண்ணிக்கையையோ மாற்றினால், வரைபடச் செலவு இரண்டு மடங்காகும். அனுமதி கிடைத்தது என்பதற்காக நிபந்தனைகளிற் கூறப்பட்ட வாய்க்காலையும் தாங்கு சுவரையும் பிற்போடுவது, அறிக்கையையே பொருளற்றதாக்கிவிடும்.

தோட்டக் குடியிருப்புகள்

மலையகத் தமிழரில் பெரும்பகுதியினர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லயன் வீடுகள், தோட்ட நிர்வாகங்களால் வேலைத்தலத்துக்கு அண்மையில் கட்டப்பட்டவை. எவ்விடத்தில் வாழ்வது என்பதை அம்மக்கள் தாமாகத் தெரிவு செய்யவில்லை. நில உரிமை இல்லாமையால், ஆபத்தான இடத்தை விட்டு நீங்குவதும் அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. மீரியபெத்தையில் 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், செல்வதற்கு மாற்றிடம் இல்லாத நிலையில் மக்கள் அங்கேயே வாழ்ந்து வந்தனர். இடரை அறிந்திருத்தலும் அதிலிருந்து விலகும் வாய்ப்புப் பெற்றிருத்தலும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பின்னர் செயற்படுத்தப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவ்வீடுகள் 7 பேர்ச் காணியில், 550 சதுர அடி பரப்புடன் அமைந்த தனி வீடுகளாகும். 7 பேர்ச் ஏறத்தாழ 177 சதுர மீட்டர். 550 சதுர அடி ஏறத்தாழ 51 சதுர மீட்டர். எனவே வீடு காணியின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே மூடுகிறது. இருப்பினும், சரிவான தோட்ட நிலத்தில் வாய்க்கால், தாங்கு சுவர், ஊறுகுழி, படிகள் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய பின், பிற்கால விரிவாக்கத்துக்கு எஞ்சுவது சிறிதளவே. குடும்பம் பெருகும்போது பின்புறச் சரிவை வெட்டி அறை சேர்ப்பது பரவலான வழக்கம். அவ்வாறு செய்வதற்கும் புதிய வீட்டுக்குரிய அதே கவனமும் அனுமதியும் தேவை.

பராமரிப்பும் மழைக்கால எச்சரிக்கையும்

சரிவு நில வீடு கட்டி முடிந்ததும் அதன் பாதுகாப்பு நிறைவடைவதில்லை. ஒவ்வொரு மழைக் காலத்துக்கும் முன்னர் வாய்க்கால்களைத் துப்புரவு செய்தல், கசிவுத் துளைகள் அடைபட்டுள்ளனவா எனப் பார்த்தல், வெட்டுமுகத்தில் புதிய வெடிப்புகளைத் தேடுதல் என்பன அவசியம். வெட்டிவேர் போன்ற ஆழ வேரூன்றும் புற்கள் மேற்பரப்பு அரிப்பைக் குறைக்கும். ஆனால் ஆழத்தில் நிகழும் சரிவை அவை தடுக்கமாட்டா.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை அடிப்படையாகக் கொண்டு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது:

* 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால், விழிப்பாக இருத்தல்.
* 24 மணி நேரத்தில் 100 மில்லிமீட்டரைத் தாண்டினால், வெளியேற ஆயத்தமாக இருத்தல்.
* 24 மணி நேரத்தில் 150 மில்லிமீட்டரை, அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால், உடனே வெளியேறுதல்.

நேரான சுவர்களைக் கொண்ட வெற்றுப் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, சேரும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால், வீட்டிலேயே இந்த அளவை ஏறத்தாழ அறிய முடியும். இரவில் மழை தொடரும்போது, பின்புறச் சரிவை அண்டிய அறைகளில் உறங்குவதைத் தவிர்க்க வேண்டும். வீட்டைத் திட்டமிடும்போதே படுக்கையறைகளைக் கீழ்ப்புறமாகவும், சமையலறை, களஞ்சிய அறை முதலியவற்றை மேற்புறமாகவும் வைத்தால் இவ்விடர் ஓரளவு குறையும். அவ்வாறே, சரிவின் குறுக்காகப் பக்கவாட்டில் வெளியேறக்கூடிய ஒரு வாயிலும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். மண்சரிவின்போது கீழ்நோக்கி ஓடுவது அதன் பாதையிலேயே ஓடுவதாகும்.

இவற்றையும் பார்க்க

* மண்சரிவு
* தாங்கு சுவர்
* சமவுயரக் கோடு
* அத்திவாரம்
* மலையகத் தமிழர்
* இலங்கையின் புவியியல்